அறுபத்து மூன்று மௌன நாள்கள்

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆற்றுப்பாளையம் கிளை நூலகத்தில் நூலகர் கோகிலவாணி கேட்ட கேள்வி மிகச் சாதாரணமானது.

"கடைசியில குறிப்புன்னு ஒண்ணு இருக்குமே கண்ணு, அது எங்க போச்சு?"

மிருதுளாவுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அவள் கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் திரை வடிவமைப்பாளர். நூலக ஊழியர்கள் கணினியில் திறந்து வேலை பார்க்கும் அட்டவணையைப் புதிதாக மாற்றி அமைத்தவள் அவள்தான். அதைக் கோகிலவாணிக்குக் காட்டிக் கொடுக்க அன்று வந்திருந்தாள். பழையதில் பதினான்கு பத்திகள் இருந்தன. ஓர் ஆளின் பெயரை இடது ஓரத்தில் பார்த்துவிட்டுத் தவணைத் தேதிக்காக வலது ஓரம்வரை திரையை இழுத்துக்கொண்டே போக வேண்டும். போய்ச் சேர்வதற்குள் எந்த வரியைப் பார்த்தோம் என்பது மறந்துவிடும். மிருதுளா பதினான்கை ஏழாக்கினாள். திரையை இழுக்கவே வேண்டாம். முன்பு நாற்பது நிமிடம் எடுத்த வேலை இப்போது பதினோரு விநாடியில் முடிந்தது. நிறுவனத்தில் அவளுக்குக் கைதட்டினார்கள்.

அந்த வேலை என்னவென்று சொல்ல வேண்டும். அந்த நூலகம் புத்தகத்தோடு பேச்சையும் இரவல் கொடுத்தது. பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் காதுக்குப் பின்னால் கடுகளவு சில்லு ஒன்றை வைத்துவிடுவார்கள். சில்லு மட்டும் இருந்தால் போதாது. ஆயிரக்கணக்கானவர்களிடம் பதிவு செய்து கோத்தெடுத்த பேச்சு அதற்கு வந்து சேர வேண்டும். அரசாங்கம் அதை விலைக்கு வாங்கிப் பொதுச் சொத்தாக நூலகங்களிடம் ஒப்படைத்திருந்தது. ஒரு பிரதி ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். ஆற்றுப்பாளையத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு பிரதிகள். வரிசையில் காத்திருந்தவர்களோ இரண்டாயிரத்துக்கு மேல். அதனால் ஒரு விதி வைத்திருந்தார்கள். அறுபது நாள் பேசாமல் இருப்பவரிடமிருந்து பிரதியைத் திரும்பப் பெற்று அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். திரும்பப் பெற்ற ஒரு மணி நேரத்துக்குள் அவருக்குச் சொற்கள் போய்விடும். பிறர் பேசுவது புரியும், ஆனால் பேசவும் வராது, எழுதவும் வராது.

அந்த அறுபது நாளைக் கணக்கிட மிருதுளா 'மௌன நாள்' என்று ஒரு பத்தி வைத்திருந்தாள். எண் அறுபதைத் தாண்டினால் வரி சிவக்கும். சிவந்த வரிகள் தாமாகவே மேலே வந்து நிற்கும். தலைப்பில் ஒரு கட்டத்தைத் தொட்டால் எல்லாம் சேர்ந்து தேர்வாகும். 'திரும்பப் பெறு' என்று அழுத்தினால் வேலை முடிந்தது.

"அதை மறைச்சு வெச்சிருக்கேங்க்கா. நானூத்திச் சொச்சம் பேர்ல ஒம்பது பேருக்குத்தான் குறிப்பே இருந்துச்சு. சும்மா எடத்த அடைச்சுக்கிட்டு இருந்துது. வேணும்னா இங்க தொட்டீங்கன்னா வந்துரும்" என்று சொல்லி மிருதுளா அதைத் திறந்து காட்டினாள்.

கோகிலவாணிக்கு ஐம்பத்து நான்கு வயது. மகளின் பிரசவத்துக்காகப் பன்னிரண்டு நாள் விடுப்பில் போய்விட்டு அன்றுதான் திரும்பியிருந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையருகே முகத்தைக் கொண்டுபோய் வரிகளை எண்ணினாள். ஒன்பது குறிப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் எட்டுதான் இருந்தன. மறுபடியும் எண்ணினாள். பிறகு நாற்காலியில் அப்படியே பின்னால் சாய்ந்தாள்.

"சுகுணாவக் காணமே" என்றாள் கோகிலவாணி.

திரும்பப் பெற்றவர்களின் பட்டியலில் சுகுணா இருந்தாள். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று ஐந்துக்கு, விடுப்புக்கு மாற்றாக வந்திருந்த ஊழியர் முப்பத்தொன்பது பேரை ஒரே அழுத்தில் திரும்பப் பெற்றிருந்தார். அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சிவந்தவை அத்தனையும் மேலே நின்றன. கட்டம் ஒன்றே ஒன்றுதான். தொடச் சொல்லியே அது அமைக்கப்பட்டிருந்தது.

குறிப்பை மிருதுளா இப்போதுதான் முதன்முதலாகப் படித்தாள். 'செவ்வாய் விசாரணைவரை வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறார். எக்காரணம் கொண்டும் திரும்பப் பெற வேண்டாம். வீட்டுக்குக் கடிதம் அனுப்பக் கூடாது. உயிர் சம்பந்தப்பட்டது.'

கோகிலவாணி மெல்லிய குரலில் விவரம் சொன்னாள். சுகுணாவுக்கு முப்பத்தெட்டு வயது. புருஷன் இறந்தபின் அக்கா வளர்மதியின் வீட்டில் இருந்தாள். அக்கா புருஷன் லோகநாதன் பூலாங்காட்டில் கோழிப்பண்ணை வைத்திருந்தான். போன தைமாதம் வளர்மதி பண்ணையின் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்துபோனாள். தவறி விழுந்ததாக உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுதி முடித்துவிட்டார்கள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சுகுணா நடந்ததைப் பார்த்தாள். பதறிக் கீழே ஓடி வந்தவள் படியிலேயே விழுந்தாள், அங்கேயே பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. அதனால்தான் லோகநாதன் அவளை வீட்டில் விட்டு வைத்திருந்தான். அவனைப் பொறுத்தவரை வாயில்லாத சாட்சி சாட்சியே இல்லை.

"ரெண்டு மாசம் முன்னால ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப அவ மொறை வந்துச்சு. இந்த நாற்காலியிலதான் உக்காந்து முதல் வார்த்தை பேசினா. 'வீட்டுக்குத் தெரிய வேண்டாமுங்க'ன்னா. அதுதான் முதல் வார்த்தை."

சுகுணாவின் அண்ணன் தர்மலிங்கம் ஓசூரில் இருந்தான். மறுவிசாரணை கேட்டு அவன் போட்டிருந்த மனு அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை நீதிமன்றத்துக்கு வருகிறது. அதுவரை வீட்டில் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை என்று சுகுணா இருந்தாள்.

மிருதுளாவுக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. திரும்பப் பெற்றால் வீட்டுத் தலைவருக்குக் காகிதத்தில் கடிதம் போக வேண்டும் என்பது சட்டம். ஊழியர்கள் அதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள் என்று புகார் வந்ததால், 'கடிதம் அனுப்பு' என்ற கட்டத்தை எப்போதும் தேர்வாகியே இருக்கும்படி அவள் வைத்திருந்தாள்.

"சனிக்கிழமை தபாலுக்குப் போயிருக்குங்க்கா" என்றாள்.

கோகிலவாணி மேசை இழுப்பறையைத் திறந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

போகிற வழியில் போலீசுக்குச் சொல்லலாமா என்று மிருதுளா கேட்டாள். கேஸை விபத்து என்று எழுதி மூடியதே அந்த ஸ்டேஷன்தான், அங்கே சொன்னால் நமக்கு முன்னால் லோகநாதனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும் என்றாள் கோகிலவாணி. தர்மலிங்கத்துக்குப் போன் செய்தார்கள். கிளம்பிவிட்டதாகச் சொன்னான், ஆனால் வந்து சேர நாலு மணி நேரமாவது ஆகும்.

பூலாங்காட்டுக்குப் பிரியும் சாலையில் தபால்காரப் பெண் எதிரே வந்தாள். சைக்கிளை நிறுத்தி, கோழிப்பண்ணைக்குக் கடிதம் இருந்ததா என்ற கேள்விக்குச் சிரித்தபடியே பதில் சொன்னாள். "இப்பத்தானுங்க குடுத்துட்டு வாரேன். லோகநாதண்ணன் கையிலயே குடுத்தேன்."

வேப்பமரத்தடியில் இருந்த பேருந்து நிழற்குடையில் கோகிலவாணி ஸ்கூட்டரை நிறுத்தினாள். தன்னைக் கண்டால் சுகுணாவின் முகம் மாறிவிடும், அதுவே அவளைக் காட்டிக் கொடுத்துவிடும் என்றாள். ஆக, உள்ளே போக வேண்டியவள் மிருதுளாதான். கால் மணி நேரத்தில் வெளியே வராவிட்டால் ஊரைக் கூட்டிவிடுவதாகச் சொன்னாள். மிருதுளா சரி என்றாள். அதுவரை தன் வாழ்க்கையில் அவள் பயந்ததெல்லாம் மேலாளருக்கும் பல் டாக்டருக்கும்தான்.

பண்ணை வாசலில் நாய் குரைத்தது. முட்டை அட்டைகள் கூரைவரை அடுக்கிய ஓர் அறையில், மின்விசிறிக்கு நேரே லோகநாதன் உட்கார்ந்திருந்தான். வெள்ளை வேட்டியும் சீராக வாரிய தலையுமாக, பார்த்தால் கல்யாணத்துக்கு மொய் எழுத உட்கார்ந்தவன் போல இருந்தான். உறை கிழித்துக் கிடந்தது, கடிதம் அவன் கையில் இருந்தது.

மிருதுளாவின் கழுத்தில் தொங்கிய நூலக வருகையாளர் அட்டையைப் பார்த்ததுமே எழுந்து நாற்காலி போட்டான். மோர் வேண்டுமா என்று கேட்டான். பிறகு கடிதத்தை அவள் பக்கம் திருப்பி ஒரு வரியின்மேல் விரலை வைத்தான்.

"'அறுபத்து மூன்று நாள்கள் பயன்படுத்தப்படாததால்'னு போட்டிருக்குதுங்க அம்மணி. பயன்படுத்தலீன்னா, இருந்துச்சுன்னுதானே அர்த்தம்?"

வரும் வழியெல்லாம் மிருதுளா மனசுக்குள் ஒத்திகை பார்த்த பொய் அந்த நேரத்தில் துண்டு துண்டாகத்தான் வந்தது. அதைச் சொல்லத்தான் வந்ததாகச் சொன்னாள். புது மென்பொருள், இரண்டு வாரம்தான் ஆகிறது, மேல் வரியில் இருக்கிறவருடைய விவரம் கீழ் வரியில் இருக்கிறவருக்குப் போய்விடுகிறது, முப்பத்தொன்பது பேருக்குத் தப்பாகக் கடிதம் போயிருக்கிறது, ஒவ்வொரு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வருகிறோம், உங்கள் வீட்டு அம்மாவுக்கு இன்னும் முறையே வரவில்லை என்றாள்.

அவன் முழுக்கக் கேட்டான். கேட்டுக்கொண்டிருக்கும்போது கண் சிமிட்டவில்லை.

"கை எதுக்குங்க இப்படி நடுங்குது?"

"தப்பு எம்மேலங்க. வேலை போயிருமோன்னு பயமா இருக்குது" என்றாள். அது பொய்யில்லாததால் குரல் சரியாக வந்தது.

அவன் தலையை மட்டும் திருப்பிச் "சுகுணா" என்று கூப்பிட்டான்.

பின்கட்டிலிருந்து மெலிந்த ஒரு பெண் ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்து நிலைப்படியோரம் நின்றாள். வலது கை கொஞ்சம் மடங்கியே இருந்தது. மிருதுளாவின் அட்டையைப் பார்த்தாள். பார்வை ஒரு கணம் அதிலேயே நின்று பிறகு தரைக்குப் போனது.

லோகநாதன் குரலை உயர்த்தவே இல்லை. பக்கத்து வீட்டு விசேஷம் பேசுவது போலப் பேசினான்.

"செவ்வாக்கெழமை கோர்ட்டுல என்ன சொல்லப் போறேன் தெரியுமா சுகுணா? அன்னிக்கு வளர்மதிகூடத் தொட்டிகிட்ட நீதான் இருந்தே. அக்காளுக்கும் தங்கச்சிக்கும் நாலு நாளாச் சண்டை. நீதான் தள்ளினேன்னு சொல்லப் போறேன். என்ன, இல்லைன்னு சொல்லு பாக்கலாம்."

சுகுணாவின் வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. 'ஆ' என்று ஒரு சத்தம் வந்தது, பிறகு அதே சத்தம் மறுபடியும். அவள் சொல்ல முயன்றாள், மனசறிந்தே முயன்றாள். அறுபது நாளுக்கும் மேல் காத்து வந்த சபதத்தை அந்த ஒரு வாக்கியம் உடைத்துவிட்டது. ஆனால் உடைந்த இடத்தில் சொல் இல்லை. இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த ஒன்று காணாமல் போயிருப்பதை அவள் அந்த நிமிடத்தில்தான் அறிந்துகொள்கிறாள் என்பது மிருதுளாவுக்குப் புரிந்தது. அந்தக் கண்ணில் இருந்த பயம் லோகநாதனைக் கண்டு வந்ததல்ல, தன் வாயைக் கண்டே வந்தது. அதை அப்படிச் செய்து வைத்தவள் இரண்டடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"போ, போய் வேலையப் பாரு" என்றான் லோகநாதன். அவன் தோள் தளர்ந்தது தெரிந்தது. மிருதுளாவைப் பார்த்து லேசாகச் சிரித்தான். "சரிங்க அம்மணி. தப்பு நடக்கறதுதான். இது தப்பாப் போன லெட்டருன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருங்க. நாளைக்கு ஆராச்சும் கேட்டா எனக்கு வேணுமில்ல."

மிருதுளா எழுதினாள். மென்பொருளில் வரிகள் மாறுவதால் ஒருவருடைய விவரம் இன்னொருவருக்குப் போய்விடுகிறது என்று எழுதி, பெயர், பதவி, தேதி எல்லாம் போட்டாள். அதைக் கொடுத்துவிட்டு அங்கிருந்து வெளியேற முடிந்தது அப்போது மலிவாகத்தான் தோன்றியது. நிழற்குடைக்கு நடந்து வந்து கோகிலவாணியிடம் நடந்தது அனைத்தையும் சொன்னாள்.

வழியில் இருந்த தர்மலிங்கத்தை வர வேண்டாம் என்று கோகிலவாணி திருப்பி அனுப்பினாள். தங்கையை இப்போது அங்கிருந்து கூட்டிப் போனால் லோகநாதன் விழித்துக்கொள்வான். அவளும் பேச்சில்லாமல்தான் கூண்டில் ஏறுவாள். அவன் நம்பியிருக்கும்வரைதான் அவளுக்கு உயிர்.

நூலகத்துக்குத் திரும்பியதும் பேச்சை உடனே கொடுத்துவிடலாம் என்று மிருதுளா நினைத்தாள். முடியவில்லை. முப்பத்தொன்பது பிரதிகளும் வெள்ளிக்கிழமை மாலையே வரிசையில் இருந்த அடுத்த முப்பத்தொன்பது பேருக்குத் தாமாகப் போய்விட்டிருந்தன. காலியாக ஒன்றுகூட இல்லை. யாராவது தாமாகத் திருப்பிக் கொடுத்தால்தான் உண்டு. மூன்று நாளைக்கு முன்னால் பேச்சு வந்தவரிடம் அதைத் திருப்பிக் கேட்க வேண்டும்.

கோகிலவாணி ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டாள். முதலில் எடுத்தவர் பாதியிலேயே வைத்துவிட்டார். இரண்டாமவர் அழுதார். ஒரு வீட்டில் பின்னணியில் யாரோ விடாமல் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. கோகிலவாணி விஷயத்தைச் சொல்லாமலே நலம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டாள். எட்டாவதாகப் பூங்கோதை என்ற பெண் எடுத்தாள். சந்தைப்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருந்தவள், நாலு வருஷமாகப் பேச்சில்லை. எட்டு நாளைக்கு வேண்டும் என்று கோகிலவாணி சொன்னாள்.

"அவங்களுக்கு என்ன பேசணுமுங்க?" என்று கேட்டாள்.

அதைச் சொல்ல முடியாது என்றாள் கோகிலவாணி.

"அப்படின்னா முக்கியமான பேச்சாத்தான் இருக்கும். எடுத்துக்கங்க. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் மட்டும் விடுங்க. எம்பட பையன் மில்லுல இருந்து வந்துரட்டும்."

ஐந்து மணிக்கு மிருதுளா பூங்கோதையின் வரியை மட்டும் தேர்ந்தெடுத்தாள். 'கடிதம் அனுப்பு' கட்டத்தை எடுத்துவிட்டு, பெயரை மூன்று முறை வாய்விட்டுப் படித்துவிட்டு அழுத்தினாள். மறுநாள் காலை ஆறே கால் மணிக்கு இருவரும் மறுபடியும் திரைமுன் உட்கார்ந்து அந்தப் பிரதியைச் சுகுணாவின் பெயருக்கு மாற்றினார்கள். சுகுணா கோழிகளுக்குத் தீனி வைக்கத் தனியாகப் போகும் நேரம் அது. பேச்சு திரும்பி வந்தது தெரியாமல் வீட்டுக்குள் வாய் திறந்துவிடக் கூடாது. அதற்காகவே அந்த நேரத்தைக் கோகிலவாணி குறித்து வைத்திருந்தாள். சுகுணாவின் வரியில் மௌன நாளுக்கு எதிரே ஒரு கோடு மட்டும் இருந்தது. ஆறு முப்பத்திரண்டுக்கு அந்தக் கோடு பூஜ்யமாக மாறியது. அவள் எதையோ பேசிப் பார்த்துவிட்டாள், கோழிகளிடமோ தன்னிடமோ.

அதன்பின் வந்த நாள்களில் மிருதுளா கோயம்புத்தூருக்குப் போகவில்லை. கோகிலவாணியின் வீட்டிலேயே தங்கினாள். காலையில் எழுந்ததும் அட்டவணையைத் திறப்பாள். புதன்கிழமை ஒன்று, வியாழக்கிழமை இரண்டு, வெள்ளிக்கிழமை மூன்று. எண் ஏறினால் அவள் வாய் திறக்கவில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் அந்தத் திரையால் ஒன்றும் சொல்ல முடியாது. ஒருவர் செத்துப்போனாலும் மௌன நாள் ஏறிக்கொண்டுதான் போகும் என்பது வியாழன் மத்தியானம் சோறு உண்ணும்போது அவளுக்கு உறைத்தது. சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை நான்கு வர வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருந்தது.

சுகுணா பேசியிருக்கிறாள். யாரிடம், எங்கே, அவன் பக்கத்தில் இருந்தானா என்று தெரியவில்லை. கோகிலவாணி பக்கத்துத் தோட்டக்காரருக்குப் போன் செய்து முட்டை விலை கேட்பது போல விசாரித்தாள். பண்ணையில் ஆள் நடமாட்டம் இருக்கிறது, வேறொன்றும் தெரியவில்லை என்றார். ஞாயிறு காலை எண் ஒன்று ஆனது, திங்கள் இரண்டு. பேசியது யார் காதில் விழுந்தது என்பதற்குப் பதிலே கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நீதிமன்ற வளாகத்துக்கு லோகநாதனே தன் காரில் சுகுணாவைக் கூட்டி வந்தான். வீட்டில் இருந்தவர் என்ற முறையில் அவள் நேரில் வந்து நின்றால் போதும் என்று அவனுடைய வக்கீல் சொல்லியிருந்தார். அவள் உயிரோடு நடந்து வருவதைப் பார்த்த பின்தான் மிருதுளா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பெயர் கூப்பிட்டதும் சுகுணா கூண்டில் ஏறினாள். பேச வராதவர் என்று வக்கீல் எழுந்து சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் பேசினாள்.

"பேசுவனுங்க."

சுகுணா லோகநாதன் பக்கம் திரும்பவே இல்லை. நீதிபதியின் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மாமாதானுங்க அக்காவத் தொட்டிக்குள்ள அமுக்கினாரு. நான் மாடியில இருந்து பாத்தேன். அக்கா ரெண்டு தடவை மேல வந்துச்சுங்க. ரெண்டு தடவையும் தலையப் புடிச்சு உள்ள தள்ளினாரு. நான் கத்திக்கிட்டே எறங்கினேன். கத்தினதுதான் கடைசியா நான் சொந்தமாப் பேசினது."

மத்தியான இடைவேளைக்குப் பிறகு லோகநாதனின் வக்கீல் ஒரு தாளோடு எழுந்தார். சாட்சி பேசுவது நூலகம் கொடுத்த பேச்சு, அதைக் கையாளும் மென்பொருளோ யாருடைய விவரத்தையும் யாருக்கும் கொடுத்துவிடக் கூடியது, அப்படியிருக்க இந்த வாயில் வந்த சொல்லை யாருடைய சொல் என்று எடுத்துக்கொள்வது என்று கேட்டார். அதை உருவாக்கியவரே எழுதிக் கையெழுத்திட்டது இது என்று தாளை நீட்டினார். லோகநாதன் அன்றைக்கே அதைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்து வைத்திருந்தான்.

நீதிபதி மிருதுளாவைக் கூண்டில் ஏறச் சொன்னார்.

சுகுணா பேசிய செய்தி எட்டியதும், இடைவேளையிலேயே அவளுக்கு நிறுவனத்திலிருந்து போன் வந்திருந்தது. ஏதாவது கேட்டால், மாற்று ஊழியரின் பயிற்சிக் குறைபாடு என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றிருந்தார் மேலாளர். மிருதுளா கூண்டில் ஏறினாள்.

கையெழுத்து உன்னுடையதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். அதில் எழுதியிருப்பது உண்மையா என்று கேட்டார்கள்.

"இல்லீங்க. பொய்" என்றாள். "வரி எதுவும் மாறலீங்க. அட்டவணை நான் எப்படிச் செஞ்சனோ அப்படியேதான் வேலை செஞ்சுது. இவங்களோட பேச்சை எடுக்கக் கூடாதுன்னு குறிப்பு எழுதி வெச்சிருந்தாங்க. அந்தக் குறிப்பு எடத்த அடைக்குதுன்னு நான்தான் மறைச்சேன். எல்லாரையும் ஒரே தொடுதல்ல எடுக்கற மாதிரி வெச்சதும் நான்தான். வேற ஆரும் தப்புப் பண்ணலீங்க."

பின் எதற்காகப் பொய் எழுதிக் கொடுத்தாய் என்று நீதிபதி கேட்டார்.

"பயந்துங்க."

"யாருக்கு?"

மிருதுளா கையை நீட்டினாள். லோகநாதன் அவளைப் பார்த்து, பண்ணையில் சிரித்தது போலவே லேசாகச் சிரித்தான். நீதிபதி எழுதி முடிக்கும்வரை அவள் நீட்டிய கையை இறக்கவில்லை.

மறுவிசாரணைக்கு உத்தரவானது. மாலையில் வேறு சரகத்துப் போலீஸார் லோகநாதனை வளாகத்திலேயே வைத்துக் கூட்டிப் போனார்கள். இரவு வருவதற்குள் மிருதுளாவுக்கு வேலைநீக்க அறிவிப்பு வந்தது. வாடிக்கையாளரான நூலகத்துக்கு எதிராகப் பொய் ஆவணம் தந்ததாக அவள்மேல் தனியே ஒரு புகாரும் பதிவானது. அது என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை பதினொரு மணிக்கு சுகுணா அண்ணனோடு நூலகத்துக்கு வந்தாள். பேச்சைத் திருப்பிக் கொடுக்க வந்திருப்பதாகச் சொன்னாள். நடந்ததைக் கேள்விப்பட்டு மேலிடத்தில் சலுகை தரத் தயாராக இருக்கிறார்கள், நீங்களே வைத்துக்கொள்ளலாம், பூங்கோதை வரிசையில் காத்திருக்கட்டும் என்று கோகிலவாணி சொல்லிப் பார்த்தாள். சுகுணா கேட்கவில்லை.

"எட்டு நாளைக்குன்னு கேட்டு வாங்குனதுங்க. அவங்க கடையில ஆளுங்க காத்திருப்பாங்க. நான் வரிசையிலயே நிக்கறேன்."

வரிசையில் அவள் எண் இரண்டாயிரத்து நூற்றுப் பதினொன்று.

மிருதுளா பக்கம் திரும்பி, சனிக்கிழமை பேசினது தானாக வாயில் வந்துவிட்டது என்றாள். கோழிக் கூண்டுக்குள் கீரி புகுந்துவிட்டது, 'சீ போ' என்று விரட்டிவிட்டாள், அப்புறம் மத்தியானம்வரை உடம்பு உதறிக்கொண்டே இருந்ததாம். பிறகு, "அன்னிக்குப் பண்ணையில உங்களப் பாத்தப்ப, அவருக்கு வேண்டப்பட்டவங்கன்னு நெனச்சுட்டனுங்க. உங்களச் சபிச்சுட்டேன். வாயில வரல, மனசுல" என்றாள்.

சபித்தது சரிதான் என்றாள் மிருதுளா.

சுகுணா கைநாட்டு வைத்தாள். கோகிலவாணி பெயரை வாய்விட்டுப் படித்து அழுத்தினாள். இனி ஒரு மணி நேரம். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கோகிலவாணி கேட்டாள். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறாள் என்று மிருதுளா எதிர்பார்த்தாள். சுகுணா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஓசூர் பஸ்ஸு வந்துரும். வாரனுங்க."

மிருதுளா வாசல்வரை போனாள். பஸ் வந்து நின்றது. அண்ணனும் தங்கையும் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த உடனே சுகுணா அண்ணன் பக்கம் முழுசாகத் திரும்பிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். கையை ஆட்டிப் பேசினாள், நடுவில் ஒரு முறை சிரித்தாள், அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்ததை அடக்கிவிட்டு மேலே பேசினாள். பஸ் கிளம்பி ஆற்றுப் பாலத்தில் ஏறும்வரை ஜன்னலில் அவள் உதடு அசைந்துகொண்டே இருப்பது தெரிந்தது. மிருதுளா மணி பார்த்தாள். இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.